பக்கத்து வீட்டு ஜிம்மி

தென்காசியில் நாங்கள் குடியிருக்கும் தெரு நம் மக்கள் தெரு அல்ல. இந்த வாடகை வீடு கிடைக்கவே நான்கு மாதம் அலைந்தோம். அதனால்தான் பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே கட்டிக் கிடந்த பொமேரியனைப் பற்றி வாய் திறக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

பெயர் ஜிம்மி. ஒரு முழச் சங்கிலி. ஜூன் மாதம், ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு சாரல் விடாமல் அடிக்கிறது. ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பும்போது அது நனைந்த சாக்கில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். முடி சடைபிடித்து, காதெல்லாம் உண்ணி. சில நாள் தட்டு காலியாகவே இருக்கும். இரவில் நாங்கள் சுவருக்கு மேலே தண்ணீரும் சோறும் இறக்கிவிடுவோம். அந்த வீட்டிலிருந்து எங்கள் பாத்திரத்தில் வாய் வைத்தது ஜிம்மி மட்டும்தான்.

சட்டம் இருக்கிறது, தோழர்களே. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் போதிய உணவு, தண்ணீர், ஒதுங்க இடம் தராததும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! அதற்காகப் புகார் கொடுத்தால் மறு மாதமே எங்கள் வீடு போய்விடும். ‘ராத்திரி அவிழ்த்துட்டுப் போயிரலாம்’ என்றார் ஒரு மாணவத் தோழர். காலையில் நாய்த் திருடர்கள் என்று யாரைத் தேடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

‘வன்கொடுமை வழக்குகள் கிடக்கும்போது நாய்க்குட்டியா?’ என்றும் கேட்டார்கள். நம் மக்கள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்று தடை போட்ட கிராமங்கள் இதே தென்மாவட்டங்களில் பதிவாகியிருக்கின்றன. ‘பரியேறும் பெருமாள்’ (2018) கருப்பியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1934இல் ராஜகிருகத்தில் எடுத்த குடும்பப் புகைப்படத்தில் பாபாசாகேபோடு அவருடைய நாய் டோபியும் இருக்கிறது. நாய் நமக்கு அந்நியமான விஷயமில்லை.

கடைசியில் நேராகவே அண்ணாச்சியிடம் கேட்டோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனோம். அவரோ மூட்டுவலியில் படியிறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். “மவன் வாங்கிப் போட்டுட்டு துபாய் போயிட்டான். நான் என்னய்யா செய்ய? கொண்டுபோனா புண்ணியமாப் போவும்” என்றார். எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். இதை நீங்களும் தவறாமல் செய்யுங்கள்.

ஜூலை 6, விலங்குகளால் பரவும் நோய்களுக்கான உலக தினம். அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போட்டார்கள். உண்ணிக்கும் மருந்து வாங்கினோம்.

வீடு தேடியதில்தான் அலைச்சல். முதலில் கேட்ட லாட்ஜ்காரர் வாசலில் கட்டிவைக்க நாய் தேடினார். சீசன் கூட்டத்திலும் வண்டி நெரிசலிலும் அங்கே விட மனமில்லை. ஐந்தருவி பக்கம் மங்குஸ்தான் விற்கும் ஒரு அக்கா, “கட்டிப்போட மாட்டேன், வீட்ல அம்மா எப்பவும் இருக்கும்” என்றார். இரண்டு முறை போய்ப் பார்த்த பிறகே கொடுத்தோம். முதல் வாரம் ஜிம்மி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. இப்போது அந்த அம்மாவின் சேலையைப் பிடித்து இழுக்கிறது.

போன வாரம் அண்ணாச்சி முதல்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார். செல்போனில் வீடியோவைக் காட்டினோம். டீ வேண்டாம் என்றார். வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார்.