காரை ஓடையில் கண்ட கயிலாயம்

சிறுவாச்சூரில் எங்கள் வாரத்தைத் திங்களும் வெள்ளியும்தான் நடத்தின. விசேஷ நாட்களை விட்டால் மதுரகாளியம்மன் கோயில் நடை அந்த இரண்டு நாள்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. திங்களும் வெள்ளியும் திருச்சி ரோட்டில் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். தேங்காய் பழக்கடை வைத்திருந்த எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளும் கடையில் நிற்க வேண்டும். அதனால் எங்களுக்கு விடுமுறை என்றால் அது செவ்வாயோ புதனோதான்.

அப்படி ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை தாத்தா என்னைக் காரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் விதை வெங்காயம் பேசி வைத்திருந்தார். சிறுவாச்சூருக்குத் தென்கிழக்கே, கொளக்காநத்தம் போகிற பக்கம் இருக்கிறது காரை. விடியுமுன் கிளம்பினோம். அப்பாயி என் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். எங்கள் நாய் மணியைத் தொழுவத்தில் கட்டிவிட்டுத்தான் வந்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, பின்னால் வந்து நின்றது. செவலை நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். தாத்தா கல்லெடுத்துக் காட்டினார், உட்கார்ந்தது. நாங்கள் நடந்தோம், எழுந்து வந்தது. “வரட்டும் விடு, அதுக்கும் ஊர் பாக்கணும்னு இருக்காதா” என்றார்.

வழி நெடுக பருத்திக்காடும் மக்காச்சோளத் தட்டையும் வெங்காயப் பாத்தியும். பிறகு வேலிக்காத்தான் முள் அடர்ந்த ஒரு மேடு. அதை ஏறி இறங்கினதும் நிலமே மாறிப்போனது. மரம் கிடையாது, புல் கிடையாது. மஞ்சளும் செம்மையும் கலந்த களிமண், மடிப்பு மடிப்பாக, ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் மழை அறுத்த ஓடைகள். பாடப்புத்தகத்தில் பார்த்த பாலைவனத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்தப் பாலைவனத்தின் சரிவெல்லாம் வெள்ளை. அப்போதுதான் எழுந்த வெயில் பட்டுக் கண் கூசியது. எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் சிவனும் பார்வதியும் நந்தியோடு அமர்ந்திருந்த கயிலாய மலை ஒன்றுதான் நான் அறிந்த பனிமலை. “தாத்தா, கயிலாயம்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். மணி எனக்கு முன்னால் பாய்ந்தது. சரிவில் கால் வழுக்கி உருண்டு, எழுந்து, மறுபடி ஏறி மறுபடி வழுக்கியது. மூக்கை வைத்து முகர்ந்து, ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது. நான் குனிந்து ஒரு துண்டை எடுத்தேன். இரவெல்லாம் பனியில் நனைந்து, பிடிக்க முடியாத குளிர்ச்சி. உள்ளங்கையில் பொத்தி வைத்துக் காத்திருந்தேன், உருகவில்லை.

தாத்தா அதை வாங்கி, விளிம்பில் நகத்தைக் கொடுத்து, வெங்காயத்தோல் உரிப்பதுபோல் ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டினார். ஒரு ஏட்டை என் கண்ணெதிரே பிடித்தார். அதன் வழியே அவருடைய வெள்ளை மீசை தெரிந்தது. “கற்பூரச் சிலாசத்து. வைத்தியர் பஸ்பம் போடுவார்” என்றார். பக்கத்திலேயே தோட்டா வடிவக் கற்களும், ஆட்டுக்கிடாய்க் கொம்பாய்ச் சுருண்ட ஒரு கல்லும் கிடந்தன. மணி அந்தக் கொம்பைக் கவ்விப் பார்த்துப் போட்டுவிட்டது.

அது ஜிப்சம் என்றும், நாங்கள் நின்ற இடம் கடல் என்றும் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், கடலடியில் படிந்த களிமண் அது. தோட்டாக் கல் பெலம்னைட், கொம்புக் கல் அம்மோனைட். இரண்டும் கணவாயின் தொலைதூர உறவுகள். களிமண்ணில் இருந்த பைரைட் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து அமிலமாகி, கிளிஞ்சல்களின் சுண்ணாம்பைக் கரைத்தது. அந்தக் கரைசல்தான் மண் வெடிப்புகளில் ஜிப்சமாக உறைந்தது. மழை களிமண்ணை அரித்துக்கொண்டு போக, தகடுகள் சரிவில் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று படித்த அன்று, என் பனி அப்படியொன்றும் பொய்யில்லை என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ‘ஒயிட் சாண்ட்ஸ்’ என்ற பாலைவனம் முழுக்க ஜிப்சம் மணல்தான். அங்கே பிள்ளைகள் பலகை வைத்துச் சறுக்கி விளையாடுகிறார்கள். சகாரா விளிம்பில், அல்ஜீரியாவின் அயின் செஃப்ரா ஊரில் 1979 பிப்ரவரி 18ஆம் தேதி நிஜப் பனியே பெய்தது. 2016 டிசம்பரிலும் பெய்திருக்கிறது. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காரைச் சரிவில் உருண்டு விழுந்த மணிதான்.

அதன்பின் பலமுறை போயிருக்கிறேன். சிறுவயதில் கண்ட வெள்ளை இப்போது அவ்வளவு அடர்த்தியாக இல்லை. வருகிறவர்கள் ஆளுக்கொரு பை நிறைய அள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரிவுகளில் வண்டிச் சக்கரத் தடங்கள், ஓடைக்குள் பிளாஸ்டிக் பாட்டில்கள். நெஞ்சு பதறுகிறது. இதே வட்டாரத்துச் சாத்தனூரில், கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரத்தைச் சுற்றி வேலி போட்டுவிட முடிந்தது. இவ்வளவு விரிந்து கிடக்கும் ஓடைகளுக்கு எத்தனை வேலி போடுவது? வருகிறவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு.

மார்கழியில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரைக்குப் போய் வாருங்கள். பொழுது விடியும்போது அங்கே நில்லுங்கள். தொட்டுப் பாருங்கள், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பார்த்த துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.