‘க்’ இருக்கிறதா?



2024ஆம் ஆண்டு மே மாதப் பள்ளி விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நால்வர் பினாங்கு சென்று வந்தோம். இருபது ஆண்டுகளாக ‘அடுத்த விடுமுறையில் போவோம்’ என்று தள்ளிப்போட்டு வந்த பயணம். இம்முறை தள்ளிப்போட மனம் வரவில்லை. எங்களில் ஒருவருக்கு இனிப்புநீர் நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டுவிட்டது. ஆள் தெரிகிறது, எழுத்துத் தெரிவதில்லை. முன்கூட்டியே பணி ஓய்வும் பெற்றுவிட்டார். (இனிப்புநீர் உள்ள ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொன்னவர் அவரே.)

2001இல் சுங்கைப்பட்டாணியில் பயின்றபோது, படித்தொகை கைக்கு வந்ததும் வரும் சனிக்கிழமையே பட்டர்வொர்த்துக்குப் பேருந்து ஏறிவிடுவோம். அங்கிருந்து ஃபெரி. தீவுக்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இல்லை. ஆகவே பேருந்துக்கு மட்டும் சில்லறையை ஒதுக்கிவிட்டு, மீதியை ஜார்ஜ் டவுனில் தீர்த்துவிடுவோம்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கடைப் பலகைகளில் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்க வேண்டும். குறைவாகக் கண்டவர் அனைவருக்கும் தே தாரேக் வாங்கித் தர வேண்டும். அந்த நண்பர் ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை. ஒரு பாத்திரக் கடையின் பலகையில் ‘பாத்திரகடை’ என்றிருந்ததை முதலில் கண்டவரும் அவர்தாம். உள்ளே போய் முதலாளியிடம் சொல்லவும் செய்தார். “தம்பி, ‘க்’ இல்லாமலே வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது” என்றார் அந்தப் பெரியவர்.

பழைய ஃபெரிகள் கார்களை ஏற்றிச் செல்வது 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. நாங்கள் ஏறியது 2023இல் வந்த புதிய ஃபெரி. “பழைய எண்ணெய் வாசத்தைக் காணோமே!” என்று நண்பர் குறைபட்டுக்கொண்டார். ஆர்மேனியன் ஸ்திரீட்டில், மிதிவண்டியில் செல்லும் பிள்ளைகளின் சுவரோவியத்தைக் காட்டினோம். 2012இல் வரையப்பட்டது, எங்கள் காலத்தில் இல்லை. பிள்ளைகள் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சுவரில் பதித்திருந்த உண்மையான மிதிவண்டியைத் தடவிப் பார்த்தார். எங்களில் யாரும் எதுவும் பேசவில்லை.

மார்க்கெட் ஸ்திரீட்டை அடைந்ததும் அவரே என் தோளைப் பற்றிக்கொண்டார்.

“பலகைகளைப் படிடா. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படி. நீயாகத் திருத்திப் படிக்காதே.”

படித்தேன். வல்லினம் மிக வேண்டிய இடங்களில் தோளை அழுத்தினார். நான் கண்ணால் பார்த்தும் தவறவிட்ட இரண்டை, அவர் காதால் பிடித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒருவருக்காகப் படித்தது அதுவே முதன்முறை.

தெருவின் பாதியில் நின்றார்.

“அந்தப் பாத்திரக் கடை இருக்கிறதா?”

இருந்தது. பலகை புதிது, பெரிய எழுத்துகள்.

“‘க்’ போட்டார்களா?”

“இல்லைடா. இன்னும் ‘பாத்திரகடை’தான்.”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். தே தாரேக் அன்றும் என் செலவுதான்.