வகுக்க முடியாத ஆவரேஜ்

எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஒரு வியாதி உண்டு. கிரிக்கெட் ஆட வராது. ஆனா யாரோட ஆவரேஜ் என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு இலக்கம் வரைக்கும் சொல்லுவேன். தெருவுல பசங்க ஆடும்போது என்னை ஸ்கோர் எழுத உக்கார வச்சிடுவாங்க. "பேட்டிங்குக்கு ஆள் குறையுதுடா"ன்னு என்னிக்காவது கூப்பிட்டா அன்னிக்கு நான் முதல் பந்துலயே அவுட். ஆக, என் சொந்த ஆவரேஜ் பத்தி இங்க எதுவும் எழுதப் போறதில்லை :-)

ஆவரேஜ்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 99.94. பிராட்மேன். 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம். கடைசி டெஸ்ட். எரிக் ஹோலிஸ் போட்ட ரெண்டாவது பந்துல போல்டு, ரன் எதுவும் எடுக்காம. நாலு ரன் எடுத்திருந்தா சரியா 100. கதை எல்லாருக்கும் தெரியும், அதனால கணக்கை மட்டும் பார்ப்போம். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ரன். 6996ஐ 80ஆல வகுத்தா 87.45 தானே வரணும்? வராது. ஏன்னா ஆவரேஜ்ல ரன்னை இன்னிங்ஸால வகுக்கறதில்லை, எத்தனை தடவை அவுட் ஆனாரோ அதால வகுக்கணும். பிராட்மேன் 10 தடவை நாட் அவுட். மீதி 70. 6996/70 = 99.94.

அந்த நாட் அவுட்டுல ஒண்ணு 1932ல அடிலெய்டுல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா எடுத்த 299. முந்நூறாவது ரன்னுக்கு ஓடும்போது கடைசி ஆட்டக்காரர் தர்லோ ரன் அவுட் ஆயிட்டார். மனுசன் 299லயே நிக்க வேண்டியதாப் போச்சு. இந்த 299ஐயும் மேல சொன்ன நாலு ரன்னையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வருது.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

எங்கப்பா கும்பகோணத்துல வளர்ந்தவர். 1980கள்ல ஒரே ஒரு தடவை மாவட்ட அணிக்கு ஆடியிருக்கார். மேட்டிங் விக்கெட். வழக்கமா ஆறாவதா இறங்கறவர் அக்கா கல்யாணம்னு வரலை. அந்த இடத்துல அப்பாவை இறக்கியிருக்காங்க. 31 நாட் அவுட். வெளிச்சம் போயி மேட்ச் டிரா. அடுத்த மேட்சுக்குக் கல்யாண வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டார். அவ்வளவுதான்.

இதை அப்பா எங்ககிட்ட நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த 31ல நாலு பவுண்டரி. அதுல ஒண்ணு ஸ்கொயர் கட். கையில தோசைத் திருப்பி இருந்தா அதை வச்சே அடிச்சுக் காட்டுவார். அம்மா "எண்ணெய் சொட்டுது"ன்னு கத்துவாங்க.

எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. டெஸ்ட் ஆவரேஜ் பட்டியல் ஒண்ணு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். பட்டியலுக்கு மேல சிவப்பு மையில "குறைந்தது 20 இன்னிங்ஸ்"னு ஒரு விதி. புள்ளிவிவரப் புத்தகங்கள்ல இப்படித்தான் போடுவாங்க. அப்பா வந்து எட்டிப் பார்த்துட்டு, "என் ஆவரேஜையும் எழுதேன்டா"ன்னார். விளையாட்டாத்தான் கேட்டார்.

நான் சொன்னேன், "ஒரு மேட்சு எல்லாம் கணக்குலயே வராதுப்பா. அதுவும் நீங்க நாட் அவுட். பூஜ்யத்தால வகுக்க முடியாது. உங்களுக்கு ஆவரேஜே கிடையாது."

கணக்குப்படி நான் சொன்னது சரி. அப்பா "அப்படியா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்த 31ஐப் பத்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தோசைத் திருப்பியும் தோசை திருப்ப மட்டும்தான். ஆனா இதை நான் கவனிச்சதே பல வருஷம் கழிச்சுத்தான்.

அந்த 20 இன்னிங்ஸ் விதி ஒண்ணும் தப்பில்லை. அது இல்லாட்டி என்ன ஆகும்? டெஸ்ட் கிரிக்கெட்ல அதிக ஆவரேஜ் பிராட்மேனோடது இல்லை, குர்டிஸ் பேட்டர்சனோடது. 144.00. ஆஸ்திரேலியாக்காரர். 2019ல இலங்கைக்கு எதிரா ரெண்டு டெஸ்ட் ஆடினார், 30 ரன்னும் 114 நாட் அவுட்டும் எடுத்தார். ஒரே தடவைதான் அவுட். அதுக்கப்புறம் அவருக்கு டெஸ்டே கிடைக்கலை.

அவருக்கு முன்னாடி எழுபது வருஷம் அந்த இடத்துல இருந்தவர் டிரினிடாட்டைச் சேர்ந்த ஆண்டி கேன்ட்டோம். 1948 பிப்ரவரி, போர்ட் ஆஃப் ஸ்பெயின், இங்கிலாந்துக்கு எதிரா. ஸ்டோல்மேயருக்கு அடிபட்டதால இவருக்கு இடம். முதல் டெஸ்ட்ல 112 ரன். ஆனா நாலரை மணி நேரம் எடுத்துக்கிட்டார். நடுவுல கேப்டன் கோமெஸ், சீக்கிரம் அடிங்கன்னு சீட்டு எழுதி அனுப்பினார். மேட்ச் டிரா. அதுக்கப்புறம் வெஸ்ட் இண்டீஸுக்கு அவர் ஒரு டெஸ்ட் கூட ஆடலை. அதே மேட்சுல அறிமுகமான இன்னொருத்தர் 97ல அவுட். அவர் பேரு ஃபிராங்க் வொர்ரெல். அவர் எங்க போனார்னு உங்களுக்கே தெரியும்.

கேன்ட்டோம் 95 வயசு வரைக்கும் இருந்து 2016ல காலமானார். ஆறுபத்தெட்டு வருஷம் "பிராட்மேனை விட ஆவரேஜ் அதிகம்"னு யாராவது சொல்லிக்கிட்டே இருந்திருப்பாங்க. அதைக் கேக்கறதுக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்? 112 ஆவரேஜா, இல்லை 50 டெஸ்ட்ல 40 ஆவரேஜான்னு கேட்டிருந்தா எதை எடுத்திருப்பார்? எனக்கு சந்தேகமே இல்லை.

அந்த 2016லயே டிசம்பர் மாசம். நான் அப்ப இஞ்சினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரோட்டோரம் வெட்டின மரமெல்லாம் அப்படியே கிடந்துச்சு. அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தார். 19ஆம் தேதி திங்கக்கிழமை, ரெண்டு பேரும் சேப்பாக்கம் போனோம். இங்கிலாந்தோட அஞ்சாவது டெஸ்ட், நாலாவது நாள். முந்தின நாள்தான் ராகுல் 199ல அவுட் ஆகியிருந்தார். கருண் நாயர் 71ல ஆரம்பிச்சார்.

அன்னிக்கு அவர் அடிச்ச அடி இருக்கே! நூறு, இருநூறுன்னு போயிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் 299. அடில் ரஷீத் பந்துல ஒரு பவுண்டரி, 303. கோலி உடனே டிக்ளேர் பண்ணிட்டார், 759க்கு 7. பிராட்மேன் 299ல நின்னுட்டார், ஓவல்ல நாலு ரன் இல்லாம போனார். இவருக்கு 299க்கு மேல அந்த நாலும் கிடைச்சிடுச்சு பாருங்கன்னு எனக்கு ஒரே குஷி. வியாதிதான், என்ன பண்றது.

அப்பா எழுந்து நின்னு கை தட்டிக்கிட்டே கேட்டார், "இப்ப இவன் ஆவரேஜ் எவ்வளவுடா?"

மனசுலயே போட்டேன். முதல் ரெண்டு இன்னிங்ஸ் 4, 13. இப்ப 303 நாட் அவுட். மொத்தம் 320, ரெண்டு அவுட். "160ப்பா!"

"அடுத்த மேட்சுல இவனை எடுப்பாங்களா?"

நான் சிரிச்சுட்டேன். "முந்நூறு அடிச்சவனை எடுக்காம என்னப்பா?"

"அவன் இப்ப ரஹானே இடத்துலதானே ஆடறான்"னார் அப்பா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரி, ஹைதராபாத், பங்களாதேஷுக்கு எதிரா. அடிபட்டிருந்த ரஹானே திரும்பி வந்துட்டார். கருண் நாயர் வெளியே. அந்த அணிப் பட்டியலைப் பார்த்தப்பதான் எனக்கு சேப்பாக்கத்துல அப்பா கேட்ட கேள்வி உறைச்சுது. புள்ளிவிவரம் எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஆனா அணி எப்படி எடுப்பாங்கன்னு அப்பாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. கல்யாண வீட்டுக்காரர் திரும்பி வருவார்.

அப்புறம் ஆஸ்திரேலியாவோட நாலு இன்னிங்ஸ் கிடைச்சுது. 26, 0, 23, 5. அதோட டீமை விட்டுத் தூக்கிட்டாங்க. அப்ப அவர் ஆவரேஜ் 62.33. டெண்டுல்கரோடது 53.78. இதுல எந்த நம்பரும் பொய் இல்லை. ஆனா அந்த 303ஐ எடுத்துட்டா மிச்சம் ஆறு இன்னிங்ஸ்ல 71 ரன், ஆவரேஜ் 11.83. அதுவும் பொய் இல்லை. 62ம் அந்த ஆளைக் காட்டலை, 11ம் காட்டலை. எட்டு வருஷம் காத்திருந்து 2025ல இங்கிலாந்துல நாலு டெஸ்ட் ஆடினார், 205 ரன். இப்ப ஆவரேஜ் 41.35ன்னு சாதாரணமா ஆயிடுச்சு. ஆனா அந்த 41ஐப் பார்த்துட்டு அவர் பாவம்னு எனக்குத் தோணலை. மறுபடியும் எட்டு தடவை பேட் பிடிச்சு இறங்கினார் இல்லையா!

இந்த வியாதிக்காரனுக்குப் போன மாசம் இன்னொண்ணு மாட்டுச்சு. ஆவரேஜ் கட்டத்துல வெறும் கோடு மட்டும் இருக்கற ஒரு பேட்ஸ்மேன். ஸ்டூவர்ட் லா. 1995 டிசம்பர், பெர்த், இலங்கைக்கு எதிரா. ஸ்டீவ் வாவுக்கு அடிபட்டதால இடம் கிடைச்சுது. 54 நாட் அவுட். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி, அதனால ரெண்டாவது இன்னிங்ஸ் கிடையாது. அடுத்த டெஸ்டுக்கு ஸ்டீவ் வா திரும்பி வந்தார், வந்ததும் 131 நாட் அவுட். லா போனவர் போனவர்தான். அதே பெர்த் மேட்சுல அறிமுகமாகி 96ல அவுட் ஆன ரிக்கி பாண்டிங், 168 டெஸ்ட்ல 13378 ரன் எடுத்துட்டுத்தான் போனார். லா ஒண்ணும் ஆடத் தெரியாதவர் இல்லை. முதல் தர கிரிக்கெட்ல 27000 ரன்னுக்கு மேல, 79 செஞ்சுரி. டெஸ்ட்ல மட்டும் கோடு.

நாங்க புரோகிராம் எழுதும்போது பூஜ்யத்தால வகுக்கற இடம் வந்தா முன்கூட்டியே ஒரு சோதனை போட்டு அதைத் தாண்டிப் போயிடுவோம். இல்லாட்டி எல்லாம் நின்னுடும். அந்த ஒரு வரியை நான் நூறு தடவை எழுதியிருப்பேன். தாண்டிப் போற இடத்துல ஒரு ஆள் பேட்டோட நின்னுக்கிட்டிருப்பார்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. கோடுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்லை. கடைசி வரைக்கும் இவரை யாரும் அவுட் பண்ணலைன்னு அர்த்தம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணி இந்த லா கதையைச் சொன்னேன். டெஸ்ட் கிரிக்கெட் புத்தகத்துலயே ஆவரேஜ் இல்லாத ஆளு இருக்கார்ப்பா, அவரும் உங்களை மாதிரி அடுத்தவர் இடத்துல ஆறாவதா இறங்கினவர்தான்னு சொன்னேன். பன்னெண்டு வயசுல சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கணும்னுதான் நினைச்சேன். எங்க வீட்டுல அதெல்லாம் பழக்கமில்லை, வாய் வரலை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்.

"54ல எத்தனை பவுண்டரிடா?"

"தெரியலையேப்பா."

"என்னோடதுல நாலு. மூணாவது இருக்கே, ஸ்கொயர் கட்டு, பாயிண்டுல நின்னவன் அசையவே இல்லை..."

பின்னாடி அம்மா குரல் கேட்டுச்சு, "யாருகிட்ட இந்த நேரத்துல கையை ஆட்டிக்கிட்டு?"

நான் குறுக்கே பேசாம முழுசாக் கேட்டேன்.