ஐந்து புடவை, பதினோரு நாள் குஜராத்



குஜராத் படங்களைப் போட்டதிலிருந்து கோயிலைப் பற்றிக் கேட்டவர்களைவிட என் புடவைகளைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். "டீச்சர், எத்தனை புடவை எடுத்துட்டுப் போனீங்க?", "பெரியம்மா, துவாரகையில கட்டியிருந்த அரக்குப் புடவை எங்க வாங்கினது?" என்று. ஒருவர் மட்டும் (பெயர் வேண்டாம்) "ஒரே புடவையை மூணு ஊர்ல பாக்குறேனே" என்று எழுதி, சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு நாளுக்கு ஐந்து புடவை. இரண்டு சுங்குடி, ஒரு காரைக்குடி கண்டாங்கி, ஒரு காஞ்சிபுரம் காட்டன், ரயிலுக்கென்று பழைய வாயில் ஒன்று. ஜாக்கெட் நான்கு: கறுப்பு, அரக்கு, மஞ்சள், வெள்ளை. எந்த ஜாக்கெட்டும் குறைந்தது மூன்று புடவைக்குப் பொருந்தும். அப்படிப் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். உள்பாவாடை இரண்டு. அவருடைய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்று. எல்லாம் தோளில் மாட்டும் ஒரே பையில் அடங்கிவிட்டது. நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் யாருடைய உதவியும் எனக்குத் தேவைப்படவில்லை. அறுபத்தேழு வயதில் அது சின்ன விஷயமில்லை.

எங்களோடு என் அக்கா மகளும் வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இரண்டு சக்கரப் பெட்டி கொண்டு வந்திருந்தாள். இந்தப் பயணத்துக்கென்றே ஆன்லைனில் ஒன்பது உடை வாங்கியிருக்கிறாள். ஏனம்மா என்று கேட்டேன். "சித்தி, ஒரு தடவை போட்டோ போட்ட டிரஸ்ஸ திரும்பப் போட்டா ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கூச்சம் எனக்கும் தெரிந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஆறே புடவைகள்தான் இருந்தன. சின்னாளபட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், என் புடவையைப் பார்த்தே கிழமை சொல்வீர்கள். பச்சை என்றால் திங்கள், கட்டம் போட்டது என்றால் புதன். முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு நீங்கள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பது புரிந்தது. இன்றைக்கும் யாராவது போன் செய்தால், "டீச்சர், அந்தப் பச்சைப் புடவை இருக்கா?" என்றுதான் கேட்கிறீர்கள். தினம் ஒரு புதுப்புடவை கட்டியிருந்தால் ஒன்றுகூட உங்கள் மனதில் நின்றிருக்காது.

இனி, ஏன் இந்தப் புடவைகள் என்று சொல்கிறேன்.

கட்ச் பகுதியில் டிசம்பர் கடைசியில் பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். காற்று வறண்டது. பருத்தி வியர்வையை உறிஞ்சும், காற்றை உள்ளே விடும். இரவு குளியலறையில் அலசிக் கயிற்றில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். கஞ்சி போடாமல் சுருட்டி வைத்தால் கசங்கல் குறைவு, இடமும் மிச்சம். ஐந்தரை மீட்டர் துணி ரயிலில் போர்வை, ஜீப்பில் தூசிக்கு முக்காடு. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. வியர்வையை உறிஞ்சாது, ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும்.

சுங்குடியைக் கொண்டுபோனதற்கு வேறொரு காரணமும் உண்டு. சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளுக்கு முன் மதுரைக்குக் கொண்டுவந்து வளர்த்த கலை அது. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குஜராத்தில் இதன் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் பாந்தினி. அவளைப் பார்க்கப் போகும்போது நம் பெண்ணையும் கூட்டிப்போக வேண்டாமா?

புஜ் நகரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாந்தினி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்தோம். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். விரல் நகத்தை நீளமாக வளர்த்து, அந்த நுனியால் துணியைத் தூக்கி நூலைச் சுற்றுகிறார். என் முந்தியைக் கேட்காமலே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புள்ளிகளைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, முடிச்சுப் போடுவதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கட்சி மொழி தெரியாது. உடன் வந்த வழிகாட்டிதான் பிறகு விளக்கினார்: நான்கு புள்ளி சேர்ந்தது ஒரு 'கடி', அந்தக் கணக்கில்தான் கூலி. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். கண் பார்வை போய்விடுகிறது என்றும் சொன்னார்.

எனக்கு என் மாணவி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது வீட்டில் முடிச்சுக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். விரல் நுனியில் நூல் அறுத்த கோடு இருக்கும். இப்போது அவள் வீட்டில் யாரும் அந்த வேலை செய்வதில்லை. கூலி கட்டுப்படியாகவில்லை என்று அவளே சொன்னாள். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு அல்லது ஸ்கிரீன் பிரிண்ட். என்னுடைய இரண்டில்கூட ஒன்றுதான் கையால் முடிச்சுப் போட்டது. கண்டுபிடிப்பது எளிது. கைமுடிச்சில் இரண்டு புள்ளி ஒன்றுபோல இருக்காது, துணி அந்த இடத்தில் லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு.

அடுத்த நாள் அஜ்ரக்பூர் போனோம். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்புமாக மரக்கட்டையால் அச்சடிக்கும் அஜ்ரக் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த ஊரே 2001 பூகம்பத்துக்குப் பிறகு உருவானதுதான். அவர்கள் முன்பு இருந்த தமட்கா கிராமத்தில் நிலத்தடி நீர் மாறிவிட்டது, இரும்புச் சத்து கூடிச் சாயம் சரியாக ஏறவில்லை. அதனால் நல்ல தண்ணீர் தேடிப் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. தண்ணீர்தான் நிறம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதைக் கேட்டபோது என் மனம் நொய்யலுக்குப் போய்விட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் வழக்குத் தொடுத்து, கடைசியில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நம் கண் முன்னால் நடந்தது. அங்கே சாயமேறியவை பெரும்பாலும் பருத்திப் பனியன்கள்தான். ஆகவே "பருத்தி வாங்கினேன், என் கடமை முடிந்தது" என்று யாரும் நினைக்க வேண்டாம். பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், பூச்சிமருந்து அடிக்கிறார்கள். கைத்தறியிலும் ரசாயனச் சாயம்தான் அதிகம். எந்தத் துணியாக இருந்தாலும், குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துவதுதான் பூமிக்கு நாம் செய்யும் நல்லது. மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

கணக்கும் அதையே சொல்கிறது. கைத்தறி விலை அதிகம் என்கிறீர்கள். என் கண்டாங்கி 1,400 ரூபாய். ஆறு வருடத்தில் அறுபது தடவையாவது கட்டியிருப்பேன். ஒரு தடவைக்கு 23 ரூபாய் சொச்சம். 600 ரூபாய் உடையை இரண்டு தடவை போட்டு மூலையில் வைத்தால் ஒரு தடவைக்கு 300 ரூபாய். எது விலை அதிகம்?

இனி அக்கா மகள் கதை. வெள்ளைப் பாலைவனத்துக்குப் போன அன்று மாலை, அவள் கொண்டுவந்த உடைகளெல்லாம் மெல்லிசு, குளிர் தாங்கவில்லை. என் மஞ்சள் கண்டாங்கியைக் கேட்டாள். முழுக்கைக் கறுப்பு டீ-ஷர்ட்டையே ஜாக்கெட்டாக வைத்து, கணுக்கால் தெரியக் கட்டி, இடுப்பில் பெல்ட்டு, காலில் கேன்வாஸ் ஷூ. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் அவள் யோசனை. அந்த வெள்ளை உப்பு வெளியில், நிலா வெளிச்சத்தில், மஞ்சளும் கறுப்புக் கட்டமுமாக அவள் நின்றது அவ்வளவு அழகு. வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்த பெண்கள் கட்டிய புடவை அது. ஷூவோடு ஓடுவதற்கும் சரியாகத்தான் இருந்தது. ஒன்பது புது உடையில் எடுத்த படங்களைவிட அந்தப் படத்துக்குத்தான் அவளுக்கு அதிகம் பாராட்டு வந்ததாம். அதற்காக அவள் மாறிவிட்டாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இன்னும் ஆன்லைனில் வாங்கத்தான் செய்கிறாள். ஆனால் அந்தக் கண்டாங்கி இப்போது என்னிடம் இல்லை.

நான் அங்கே வாங்கியது ஒன்றே ஒன்று. புஜோடியில் காலா பருத்தியில் நெய்த துப்பட்டா. காலா பருத்தி கட்ச் பகுதியின் பழைய நாட்டு ரகம். மழையை நம்பியே விளையும், பாசனம் தேவையில்லை, பூச்சிமருந்தும் தேவைப்படுவதில்லை. புதிதில் கொஞ்சம் முரடாக இருந்தது, துவைக்கத் துவைக்க மிருதுவாகிறது.

சபர்மதி ஆசிரமத்தில் நின்றபோது வரலாற்று டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, நம் மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தி இடுப்பில் ஒற்றை வேட்டிக்கு மாறினார். பத்து வருடம் கழித்து 1931-இல் லண்டனில் மன்னரின் அரண்மனைக்கு விருந்துக்குப் போனபோதும் அதே கோலம்தான், மேலே ஒரு சால்வை. பயணத்துக்கென்று தனி உடை வாங்காதவர்களில் அவரைவிடப் பெரியவர் யார்?

கடைசியாக, உறவுகளில் சிலருக்கு ஒரு பதில். துவாரகைப் படத்தைப் பார்த்து, "அவர் போய் மூணு வருஷம்தானே ஆச்சு, இந்த வயசுல அரக்கும் மஞ்சளும் தேவையா" என்று பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த அரக்குச் சுங்குடி அவர் வாங்கிக் கொடுத்தது. பீரோவில் பூட்டி வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும். அவர் போன பிறகு வெளிர் நிறத்தில் பத்துப் புடவை புதிதாக வாங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். இருப்பதைக் கட்டினால்தான் பேச்சு. கட்டினதையே கட்டக் கூடாது என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொல்கிறார்கள், நிறமாகக் கட்டக் கூடாது என்று எனக்குச் சொல்கிறார்கள். இரண்டும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயம்தான். அந்தப் பயத்தை விட்டால் பீரோவில் பாதிக்கு மேல் தேவையில்லை என்பது புரியும். நான் விட்டுவிட்டேன். அந்தப் புடவையை இன்னும் கட்டுவேன்.

பயணம் கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

புதுத்துணியைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். சுங்குடி போன்றவை முதல் சில அலசலில் சாயம் விடும். வீட்டில் தனியாக இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே பைக்குள் போக வேண்டும்.

ஒன்றுக்கொன்று பொருந்தும் நிறங்களாக எடுங்கள். ஐந்து புடவை, நான்கு ஜாக்கெட் இருந்தால் பதினைந்து விதமாவது மாற்றிக் கட்டலாம்.

ஊசி, நூல், நான்கு ஊக்கு, சின்னக் கயிறு, ஒரு துண்டுச் சோப்பு. தையல் விட்ட அன்றே தைத்துவிடுங்கள்.

போகிற ஊரில் வாங்கினால் நெய்தவரிடமோ கூட்டுறவுக் கடையிலோ வாங்குங்கள். ஒன்று போதும். திரும்பி வந்து நிஜமாகக் கட்டுவேனா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னாளபட்டி மாணவிகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இப்போதும் கையால் முடிச்சுப் போடுகிற அம்மாக்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். வரும் பொங்கலுக்கு எனக்கு ஒரே ஒரு புடவைதான். அதை அவர்களிடமே வாங்கிக்கொள்கிறேன், பேரம் பேசாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்