அவனே முடிக்கட்டும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், என் இரண்டு குழந்தைகளுக்கும் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. இப்போது அதில் ஓர் ஆகாயக் கப்பல் தொங்குகிறது. ஒன்றரை முழ நீளம். என் இளைய மகன் லெகோ கட்டைகளால் செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையோடு கொஞ்சம் வெட்கமும் எனக்கு வரும்.

அவனுக்கு வயது 12. சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். "அம்மா, எனக்கு த... த..." என்று தொடங்குவதற்குள், "தண்ணியா? இந்தா" என்று டம்ளரை நீட்டிவிடுவேன். பிள்ளை கஷ்டப்படுகிறானே என்ற பாசம்தான். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒருவரிடம் அழைத்துப் போனபோது, அவர் முதலில் திருத்தியது என்னைத்தான்.

"அவன் வார்த்தையை நீங்க முடிக்காதீங்க. 'மெதுவாப் பேசு'ன்னும் சொல்லாதீங்க. அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு, சொல்லி முடிக்கிறவரை காத்திருங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகுமா?

போன கோடை விடுமுறையில் என் தம்பி ஒரு பெட்டி லெகோ வாங்கி வந்தான். அதில் பல்சக்கரம், அச்சு, கப்பி எல்லாம் இருந்தன. நூலகப் புத்தகத்தில் 'கிராஃப் ஜெப்பலின்' படத்தைப் பார்த்த இவனுக்கு அதையே செய்ய ஆசை. 1928-ல் ஜெர்மனியில் முதன்முதலாகப் பறந்து, 1929-ல் உலகையே சுற்றி வந்த கப்பல் அது. நீளம் 236 மீட்டர். ஐந்து இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, தனி விசிறி.

"ஒரே கைப்பிடியைச் சுத்தினா அஞ்சும் சுத்தணும்மா" என்றான்.

முதலில் கட்டைகளை அடுக்கிச் செய்தான். தூக்கவே கனத்தது. நிஜக் கப்பலில் உலோக வளையங்களை நீளச் சட்டங்களால் கோத்து, மேலே துணி போர்த்தி, உள்ளே வாயுப் பைகள் வைத்திருந்தார்களாம். அதைப் படித்ததும் இவனும் வெறும் வளையங்களாகக் கோத்தான். நடுவே வால்வரை நீள அச்சு. அதன் நுனியில் கைப்பிடி.

சிக்கல் விசிறியில் வந்தது. அச்சின் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்ப இரண்டு பல்சக்கரம், மறுபடி நேராக்க இரண்டு. ஒரு விசிறிக்கு நாலு என்றால் ஐந்துக்கு இருபது! கைப்பிடி அசையவே மறுத்தது. பலமாகத் திருகினால் 'கடக் கடக்' என்று பற்கள் நழுவின. மூன்று நாள் போராடினான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் தூங்கியபின் மூன்று விசிறிகளைக் கழற்றி விட்டேன். மிச்சம் இரண்டும் அழகாகச் சுற்றின. காலையில் காட்டினேன்.

"இது எ... எ..." என்றான்.

"எப்படிச் சுத்துது பார்த்தியா!" என்றேன் நான்.

தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டான். மத்தியானம் சாப்பிடும்போதுதான் அந்த வாக்கியத்தை முடித்தான். "இது என்னோடது இல்லம்மா." சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். கால் மிஷினின் பெரிய சக்கரத்திலிருந்து மேலே உள்ள சின்ன சக்கரத்துக்குப் போகும் தோல் பெல்ட்டைப் பார்த்ததும் பளிச்சென்று புரிந்தது. பெட்டியில் ரப்பர் வளையங்கள் சும்மா கிடக்கின்றனவே! நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். பிரசவ வலியைக்கூடப் பொறுத்துவிடலாம், இதைப் பொறுப்பது கஷ்டம்.

ஐந்தாம் நாள் அவனே மிஷினடியில் வந்து உட்கார்ந்தான். "மறுபடி மிதிம்மா" என்றான். மிதித்தேன். எழுந்து ஓடினான்.

அச்சில் பெரிய கப்பி, விசிறியில் சின்னக் கப்பி, நடுவே ரப்பர் வளையம். இரண்டு அச்சுகளும் ஒரே திசையில் இருப்பதால் திருப்பிவிடப் பல்சக்கரமே வேண்டாம். சின்னக் கப்பி வேகமாகவும் சுற்றும். ஒரு விசிறி சிக்கினாலும் அதன் ரப்பர்தான் வழுக்கும், மற்றவை நிற்காது. ஐந்தும் சுற்றின! அடுத்து, இறங்கும்போது வீசும் கயிற்றுக்கு ஒரு திருகுப்பல் வைத்தான். அதை 24 முறை சுற்றினால்தான் 24 பல் சக்கரம் ஒரு முறை சுற்றும். கையை விட்டாலும் கயிறு தானாக இறங்காது. கொக்கியில் மாட்டியதும் மூக்குப் பக்கம் தாழ்ந்தது. பிரயாணிகள் அறை முன்னால் இருக்கிறதல்லவா? வாலில் கட்டைகள் சேர்த்துத் தராசுபோல் சமன் செய்தான்.

"இதெல்லாம் செஞ்சா மார்க் வருமா?" என்று கேட்ட என் கணவர்தான் இப்போது தினமும் கைப்பிடியைச் சுற்றுகிறார்.

போன வாரம் எதிர்வீட்டு மாமி வந்தார். "எப்படிடா கண்ணா இது சுத்தறது?"

"உள்ளே ஒரு பெ... பெ..."

மாமி என்னைப் பார்த்தார். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரச் சத்தம் கேட்டது.

"...பெல்ட் இருக்கு மாமி" என்றான்.

திக்கல் போய்விடவில்லை சகோதரிகளே. ஆனால் இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் அவனே சொல்லி முடிக்கிறான். அதுவரை டம்ளர் என் கையிலேயே இருக்கிறது.