பட்டறை வழியே ஒரு பாதை

பத்தாம் வகுப்பில் சறுக்கியவர்களும் புனேயின் பெரிய பொறியியல் கல்லூரிக்குள் நுழையலாம். ஆனால் இரண்டாவது ஆண்டில்.

புனேயில் மழைக்காலம் தொடங்கும்போதே இன்னொரு பருவமும் தொடங்கிவிடுகிறது. அது கட்-ஆஃப் பருவம். மகாராஷ்டிராவில் பதினோராம் வகுப்பைப் பெரும்பாலும் 'ஜூனியர் காலேஜ்'களில் படிப்பதால், மீசை அரும்புவதற்குள் கல்லூரிக் கவலை வந்துவிடுகிறது. 1885இல் தொடங்கப்பட்ட ஃபெர்குசன் கல்லூரியில் அறிவியல் பிரிவு கிடைக்குமா என்று தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களே நகத்தைக் கடிக்கிறார்கள். 'கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் நகரத்தில் ஐம்பதும் அறுபதும் வாங்கியவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்குப் புனேக்காரர்கள் காட்டும் வழி ஒன்று உண்டு. பேச்சுவழக்கில் அதன் பெயர் 'டைரக்ட் செகண்ட் இயர்'. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை, நுழைவுத்தேர்வும் இல்லை. முக்கியமாக, பத்தாம் வகுப்பு மதிப்பெண் அல்ல, டிப்ளமா மதிப்பெண்ணே தகுதிப் பட்டியலைத் தீர்மானிக்கிறது. காலமும் வீணாவதில்லை. ஜூனியர் காலேஜ் வழியில் இரண்டும் நான்கும் ஆறு ஆண்டுகள். இந்த வழியில் மூன்றும் மூன்றும் ஆறு.

இந்த மாணவர்களின் கனவு சிவாஜிநகரில், முளாவும் முட்டாவும் கூடும் இடத்தருகே இருக்கிறது. சி.ஓ.இ.பி. என்று எல்லோரும் அழைக்கும் புனே பொறியியல் கல்லூரி, 2022இல் தனிப் பல்கலைக்கழகமானது. விஸ்வேஸ்வரய்யா படித்த இடம், ஆற்றில் படகுப் போட்டி நடத்தும் இடம் என்று அதற்குப் பெருமைகள் பல. அதன் பூர்வீகம் மட்டும் எளிமையானது. 1854இல் அது தொடங்கியபோது, பொதுப்பணிகளுக்குக் கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவிப்பதே நோக்கம். பெயரிலேயே 'மெக்கானிக்கல் ஸ்கூல்' என்று இருந்தது. இன்று பட்டறையிலிருந்து வரும் டிப்ளமாக்காரர் ஒரு வகையில் அந்தக் கல்லூரியின் முதல் மாணவர்களுடைய வாரிசு.

வாசல் அகலமானதல்ல. அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக இவர்களுக்குத் தருவதும், முதலாண்டில் காலியான இடங்களை நிரப்புவதும்தான் ஏற்பாடு. முன்னணிக் கல்லூரிகளில் காலியிடம் அபூர்வம். டிப்ளமாவில் 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்கிறது விதி. சி.ஓ.இ.பி.யில் கம்ப்யூட்டர் பிரிவைக் கேட்பவர் தொண்ணூறைத் தாண்டியும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கணேஷ்கிண்ட் சாலையில் 1957 முதல் இயங்கும் அரசு பாலிடெக்னிக்கில் சேரவும் இப்போது நல்ல மதிப்பெண் வேண்டும். சறுக்கியவர்கள் பெரும்பாலும் ஊர் எல்லையிலுள்ள தனியார் பாலிடெக்னிக்குகளில்தான் தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் தவறவிட்ட பந்தயத்தை அங்கிருந்து மறுபடி ஓட வேண்டும்.

இடம் கிடைத்த பிறகுதான் நிஜமான சோதனை. கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்து இவர்கள் உள்ளே வரும்போது வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஓராண்டு சேர்ந்து படித்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள். புதியவர் கடைசி பெஞ்சைத் தேடிக்கொள்ள வேண்டும். லேத்தும் வெல்டிங்கும் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரைபடத்தைப் பார்த்ததும் பொருளைக் கற்பனை செய்துகொள்வார். ஆனால் 'எம்-3' என்று அழைக்கப்படும் மூன்றாவது கணிதத் தாள் லாப்லாஸ், ஃபூரியே உருமாற்றங்களோடு காத்திருக்கிறது. ஜூனியர் காலேஜில் படித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் பழகிய நுண்கணிதத்தை இவர் அவசரத்தில் அள்ளிக்கொள்ள வேண்டும். மராத்தி வழியில் படித்தவருக்கு ஆங்கிலம் இன்னொரு சுமை. தவறினால் 'ஏடிகேடி', அதாவது பாக்கித் தாளோடு அடுத்த ஆண்டுக்குப் போகும் சலுகை. புனே மாணவர்களிடையே இதைத் தெரியாதவர் இல்லை.

தமிழர்களுக்கும் இது அந்நியமான கதை அல்ல. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையும் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் ஆலைகளும் தெற்கிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுவந்தன. தொழிற்சாலை வாசலில் டிப்ளமாவின் மதிப்பு தெரிந்த வீடுகள் அவை. தமிழ்நாட்டிலும் இதே வாய்ப்பு உண்டு. பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது.

கடைசிக் கண்டம் பட்டம் நெருங்கும்போது வருகிறது. புனேயின் மேற்கே ஹிஞ்சவடியில் வரிசையாக நிற்கும் மென்பொருள் நிறுவனங்கள் போன்றவை கல்லூரி வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும்போது, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்பது பரவலான வழக்கம். பதினைந்து வயதில் காய்ச்சலோ கவலையோ கவனக்குறைவோ காரணமாக வந்த 54 சதவீதம், ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி எதிரே வந்து நிற்கிறது. கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளாத மதிப்பெண்ணை விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டம் மறக்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பாதையில் கூட்டம் குறையவில்லை. இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனங்களில் கை அழுக்கான பொறியாளருக்குத் தனி மரியாதை உண்டு என்பது இவர்களுடைய தைரியம். மதிப்பெண் பட்டியலோடு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பையனிடம் புனேயில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் துணிந்து சொல்லக்கூடிய ஆறுதல் இதுதான்: டிப்ளமாவில் சேர், நன்றாகப் படி, இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.