கொல்லைப்புறச் சந்து

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் பழைய வீடுகளுக்குப் பின்னால் ஒடுங்கிய சந்துகள் ஓடுகின்றன. கன்சர்வன்சி லேன். இன்று அங்கே ஸ்கூட்டர்கள் நிற்கும், யாரோ கழித்துப்போட்ட சோபா கிடக்கும். வெட்டிய காலத்தில் நோக்கம் வேறு: எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருபவர் வாசல் பக்கம் வந்துவிடக் கூடாது. கிருமி பயத்துக்கும் சாதி பயத்துக்கும் சேர்த்து ஒரே சந்தாக வெட்டியது சிக்கனம்தான்.

1898 ஆகஸ்டில், ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி, பெங்களூருக்குப் பிளேக் வந்தது. நெருக்கமான பேட்டையை விட்டு ஜனங்கள் ஓடினார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் மளமளவென்று வளர்ந்தது அந்த ஓட்டத்தில்தான். மாரியம்மன் ‘பிளேக் அம்மா’ ஆனாள். அவளுக்கு இன்றும் இங்கே கோயில் உண்டு. அந்த வருஷங்களில் நாடெங்கும் அதிகாரிகள் சுண்ணாம்பு அடித்தார்கள், மருந்து தெளித்தார்கள், வெயில் படட்டுமென்று கூரை ஓட்டைப் பிரித்தார்கள், படுக்கைகளைக் கொளுத்தினார்கள். கிருமியை எர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்தாயிற்று. அது எப்படிப் பரவுகிறது என்பதுதான் புரியவில்லை. அதே 1898இல், கராச்சியில், பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலிகளை வைத்துச் சோதித்து, குற்றவாளி தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். பல வருஷம் அவரை யாரும் சட்டை செய்யவில்லை. தெள்ளுப்பூச்சி பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்க, ஊர் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தது.

அதே ஊரில் இன்று, கழுவிக் கழுவித் தோல் உரிந்த கைகளோடு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி. என்ற நோய்க்கென்றே அங்கே தனி கிளினிக் நடக்கிறது. 2015–16இல் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 0.8 சதவீதம் பேருக்கு ஓ.சி.டி. இருக்கிறது. எல்லோருக்கும் கிருமிதான் பிரச்சினை என்றில்லை. சிலர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

‘அந்தக் காலத்துப் பாட்டியின் மடி ஆசாரம் மாதிரிதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. உயரக் கொடியில் உலர்ந்த புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டதும் பாட்டியின் மடி நிறைவாகிவிடும். நிம்மதியாக அடுப்பு மூட்டுவாள். இவர்களுக்கோ பத்தாம் முறை கழுவியும் ‘போதும்’ என்ற உணர்வு வருவதில்லை.

ஓ.சி.டி.க்கான வைத்தியம் கொஞ்சம் குரூரமாகத் தெரியும். 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் செய்து காட்டிய வழி அது: பயப்படும் பொருளைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. ஒரு நோயாளியின் அறையில் அவர் தண்ணீரையே நிறுத்திவைத்தார். இப்போது அத்தனை கண்டிப்பு இல்லை. நோயாளியே பயங்களைப் பட்டியலிட்டு, லேசானதிலிருந்து தொடங்குகிறார்: முதலில் கதவுக் குமிழ், பிறகு பஸ் கம்பி. பதற்றம் ஏறும், கழுவாமல் பொறுத்திருந்தால், தானாகவே இறங்கும். மாத்திரையும் உண்டு, மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவில்.

வீட்டாருக்கும் பத்தியம் உண்டு. ‘கை சுத்தமாத்தானேம்மா இருக்கு?’ என்று மகள் கேட்டால் ‘ஆமாம் கண்ணு’ என்று சொல்லக் கூடாது. அந்தப் பதிலும் ஒருமுறை கழுவியதற்குச் சமம். மகள் திரும்பத் திரும்பக் கேட்பாள். பாதி அம்மாக்கள் தோற்பது இங்கேதான்.